கடைசிப் பத்து மீட்டர்

பள்ளியில் அறிவியல் பாடம் பயின்ற எவரும் பாயில் விதியை ஒரு முறையேனும் மனப்பாடம் செய்திருப்பர். வெப்பநிலை மாறாதிருக்கையில், குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் பருமன் அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதே அது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியபின் நம்மில் பலர் அதை மறந்துவிடுகிறோம். மறப்பதில் பெரிய குற்றமும் இல்லை. தரையில் நடமாடுகிறவனை அந்த விதி அதிகம் தொல்லைப்படுத்துவதில்லை. ஆழ்கடலில் இறங்குகிறவனுக்கோ அது ஒவ்வொரு நிமிடமும் தேவைப்படும் கணக்கு. அதனோடு டால்ட்டன் விதியும் ஹென்றி விதியும் சேர்ந்துகொள்கின்றன. இம்மூன்றும் ஒன்றுகூடி மூன்று மனிதர்களை நீருக்கடியில் நிறுத்திவைத்ததை நான் நேரில் கண்டேன். அதைப் பாடமாகவே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதுகலை இயற்பியல் பயிலும் நான், விடுமுறை நாள்களில் புதுச்சேரியிலுள்ள முக்குளிப்புப் பள்ளி ஒன்றில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் வேலை செய்து வருகிறேன். அங்கே பழகிய நண்பர்கள் சென்ற மே மாதம் இலங்கையின் மட்டக்களப்புக்கு ஒரு வாரப் பயணம் புறப்பட்டபோது என்னையும் சேர்த்துக்கொண்டனர். என் பங்குச் செலவில் பெரும்பகுதியை வேலையில் கழித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஐந்து பேர் சென்றோம். அவர்களுள் ஆழ்முக்குளிப்பில் முறையான பயிற்சி பெற்றவர்கள் மூவர்: பள்ளியின் பயிற்சியாளர் (அவரை நாங்கள் மாஸ்டர் என்றே அழைப்போம்), கோவையைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் குடும்பத்தில் பிறந்த அண்ணன் ஒருவர். நான்காமவர் மருத்துவக் கல்லூரி மாணவி. அவருக்கும் எனக்கும் 30 மீட்டர் வரை இறங்கவே தகுதிச் சான்று உண்டு. ஆதலால் ஆழமான நாள்களில் எங்கள் இருவர் வேலையும் படகில்தான். அவர் கடிகாரம் பார்த்துக் குறிப்பெழுதுவார். நான் சிலிண்டர்களைக் கவனித்துக்கொள்வேன்.

நாங்கள் தேடிப்போன கப்பலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெர்மிஸ் என்பது பிரிட்டிஷ் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல். அதற்குமுன் இருந்தவையெல்லாம் வேறு வகைக் கப்பல்களாகத் தொடங்கிப் பின்னர் மாற்றியமைக்கப்பட்டவை. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பட்டு 1918இல் கட்டத் தொடங்கிய முதற்கப்பல் இதுவே. ஆனால் வேலை இழுத்துக்கொண்டு போய் 1924இல்தான் கடற்படைப் பணியில் சேர்ந்தது. அதற்குள், பின்னால் தொடங்கிய ஜப்பானியரின் ஹோஷோ 1922இலேயே முடிந்துவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து ஜப்பானிய விமானங்களாலேயே ஹெர்மிஸ் மூழ்கியதை நினைத்தால் இந்தப் போட்டியும் நினைவுக்கு வரும். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படை, 9ஆம் நாள் திருகோணமலைக்கு வந்தது. தாக்குதல் வருமென்று அறிந்து முந்திய இரவே துறைமுகத்தைவிட்டு வெளியேறிய ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அருகே விமானங்களின் கண்ணில் பட்டது. விமானந்தாங்கி என்று பெயரே தவிர அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. சில நிமிடங்களில் முப்பதுக்கு மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. 307 பேர் மாண்டனர். தப்பியவர்களில் பெரும்பாலோரை ‘வீட்டா’ என்ற மருத்துவமனைக் கப்பல் மீட்டது. அதே நாளில் அதே கடலில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான ‘வேம்பயர்’, எண்ணெய்க் கப்பலான ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ முதலியவையும் மூழ்கின.

ஹெர்மிஸ் கிடக்கும் ஆழம் ஏறத்தாழ 53 மீட்டர். சென்னை அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. அதுவும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே. நிலத்தில் இது பெரிய உயரமன்று, மின்தூக்கியில் ஒரு நிமிடம் பிடிக்கும். நீரில் அப்படியில்லை.

கடல்நீரில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் ஏற்கெனவே ஒன்று உண்டு. எனவே 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 50 மீட்டரில் 6 என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். முக்குளிப்பவர் எந்த ஆழத்தில் இருக்கிறாரோ அந்த அழுத்தத்திலேயே காற்றைச் சுவாசிக்க வேண்டும். இல்லையெனில் நெஞ்சு விரியாது. மேலே நிமிடத்திற்கு 15 லிட்டர் சுவாசிக்கும் ஒருவர் 50 மீட்டரில் அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 90 லிட்டர் செலவழிக்கிறார். 12 லிட்டர் கொள்ளளவுள்ள இரட்டைச் சிலிண்டரை 200 வளிமண்டலம்வரை நிரப்பினால் 4,800 லிட்டர் காற்று கிடைக்கும். அதில் மூன்றிலொரு பங்கையே கீழே செலவிடலாம். ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு கூட்டாளிக்கு ஆபத்து நேர்ந்தால் கொடுப்பதற்கு. 1,600 லிட்டரைத் தொண்ணூறால் வகுத்தால் விடை பதினெட்டு நிமிடத்தைத் தாண்டாது. எங்கள் திட்டத்தில் கீழிறங்கும் நேரத்தையும் சேர்த்து இருபது நிமிடம் என்று வைத்திருந்தோம். கடல் கடந்து ஒரு வாரம் வந்து, கப்பலருகே இருக்கக் கிடைப்பது அவ்வளவே.

இங்கே பாயில் விதியில் மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. ஒரு பலூனின் பருமன் பாதியாகிவிடும். அதே பலூனை 40 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்குக் கொண்டுசென்றால் ஐந்திலொரு பங்காக இருந்தது ஆறிலொரு பங்காகும், அவ்வளவுதான். பத்து மீட்டர் என்பது எங்கும் பத்து மீட்டர்தான் என்றாலும், வாயுவைப் பொறுத்தமட்டில் மேலேயுள்ள பத்து மீட்டரே மிகப் பெரியது. காது வலிப்பதும் அங்கேதான். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழியும் ஆபத்து மிகுவதும் அங்கேதான். ஆழமென்றாலே அடித்தளத்தைத்தான் அஞ்ச வேண்டும் என்று நானும் நீச்சல் தெரியாத என் வீட்டாரும் நெடுநாள் ஒரே கருத்தில் இருந்தோம். கணக்கு வேறு சொல்கிறது.

அடுத்தது டால்ட்டன் விதி. ஒரு கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பகுதி அழுத்தத்திற்கேற்பத் தனித்தனியே செயல்படும். சாதாரணக் காற்றையே 50 மீட்டரில் சுவாசித்தால் நைட்ரஜனின் பகுதி அழுத்தம் 4.7 வளிமண்டலத்தை எட்டும். அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் மது அருந்தியதைப்போன்ற மயக்கத்தைத் தரும். ஏறத்தாழ 30 மீட்டரிலேயே இது தொடங்கிவிடுகிறது. பயிற்சிக் காலத்தில் 45 மீட்டரில் தம் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பின்னிருந்து முன்னாக எழுதச் சொன்னபோது, எழுதியதாகவே நம்பிக்கொண்டு வெறும் கோடுகளைப் போட்டுவந்ததாகப் பொறியாளர் சொல்லிச் சிரித்தார். பிராணவாயுவும் அளவு மீறினால் நஞ்சாகும். அதன் பகுதி அழுத்தம் 1.6 வளிமண்டலத்தைத் தாண்டினால் வலிப்பு வரக்கூடும், நீருக்குள் வலிப்பு வந்தால் பிழைப்பது அரிது. இவ்விரண்டையும் குறைக்கவே கலவையில் ஹீலியத்தைச் சேர்க்கிறார்கள். பிராணவாயு 18, ஹீலியம் 45, எஞ்சிய 37 விழுக்காடு நைட்ரஜன். இக்கலவையைச் சுவாசித்தபடி 53 மீட்டரில் இருப்பவருக்கு, காற்றைச் சுவாசித்து 20 மீட்டரில் இருப்பவரின் தெளிவு கிடைக்கும். ஹீலியத்தின் விலையைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

மூன்றாவதான ஹென்றி விதிதான் எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. அழுத்தம் கூடக் கூட நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும். கோலி சோடாவில் இது நாம் அறிந்ததே. கோலி அடைத்திருக்கும்வரை உள்ளே ஒன்றுமில்லாததுபோல் நீர் தெளிவாக இருக்கிறது. கோலியைத் தட்டிய மறுகணம் கரைந்திருந்த வாயு நுரைத்துக்கொண்டு வெளிவருகிறது. முக்குளிப்பவரின் உடலும் அந்தப் புட்டியே. கீழே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நைட்ரஜனும் ஹீலியமும் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே இருக்கின்றன. திடீரென மேலே வந்தால் நுரைக்கும். மூட்டில் நுரைத்தால் வலி, தண்டுவடத்தில் நுரைத்தால் முடக்குவாதம்.

இந்நோய் முதலில் பரவலாகத் தெரியவந்தது கடலில் அன்று. ஆற்றுப் பாலங்களின் அடித்தளத்தை அமைக்க, அழுத்தக் காற்று நிரப்பிய பெரும் பெட்டிகளுக்குள் தொழிலாளரை இறக்கி வேலை வாங்கினர். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் இந்நோயால் முடங்கிப்போனார். நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்று பிரான்சு நாட்டு போல் பெர் 1878இல் காட்டினார். எவ்வாறு ஏறினால் தப்பலாம் என்பதற்கு வழி சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்து, 1908இல் தம் துணைவர்களுடன் முடிவுகளை வெளியிட்டார். (இவருடைய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேனும் நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களுக்காக அழுத்த அறையில் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டவர். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.)

ஹால்டேன் கண்டது எளிய உண்மை. இரண்டு வளிமண்டலத்தில் எவ்வளவு நேரம் இருந்தாலும் ஆடு நேராக ஒரு வளிமண்டலத்திற்கு வரலாம், நோய் தாக்கவில்லை. எனவே எண்ண வேண்டியது ஆழத்தின் வேறுபாட்டை அன்று, அழுத்தங்களின் விகிதத்தை. ஆறிலிருந்து மூன்றுக்கு வர 30 மீட்டர் ஏறலாம். இரண்டிலிருந்து ஒன்றுக்கு வர இருப்பது 10 மீட்டரே. அதனால்தான் ஏறும் வழியில் தங்கல்கள் மேற்பரப்பை நெருங்க நெருங்க நீளுகின்றன. இன்று கணிப்பொறி போடும் அட்டவணைகள் ஹால்டேனுடையதைக் காட்டிலும் எவ்வளவோ நுட்பமானவை என்றாலும் அடிப்படை அதுவே. எங்கள் அட்டவணைப்படி இருபது நிமிடம் கீழே இருந்தவர்கள் மேலே வர 44 நிமிடம் ஆக வேண்டும். ஆழத்தில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று தங்கல்கள். 9 மீட்டரில் ஆறு நிமிடம். 6 மீட்டரில் மட்டும் இருபத்திரண்டு நிமிடம். அங்கே தூய பிராணவாயுவைச் சுவாசித்தால் கரைந்த வாயுக்கள் விரைவில் வெளியேறும்.

முதலிரண்டு நாள்கள் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ கப்பலில் கழிந்தன. 24 மீட்டர் ஆழம், நானும் இறங்கினேன். சிவப்பு நிறம் சில மீட்டர்களிலேயே மறைந்துவிட, துருப்பிடித்த இரும்பெல்லாம் பச்சை கலந்த நீலமாகவே தெரிந்தது. பாரை மீன்களும் களவாவும் அதைத் தங்கள் ஊராக்கிக்கொண்டுள்ளன. மூன்றாம் நாள் மூவரும் ஹெர்மிஸில் இறங்கித் திட்டப்படியே ஏறிவந்தனர். பீரங்கி ஒன்றின் குழலைப் பார்த்ததாக அண்ணன் சொன்னார். அதற்குமேல் அன்று மாலைவரை அவர் அதிகம் பேசவில்லை. அது மனிதர் மாண்ட இடம் என்பதால் ஓர் ஆணியைக்கூடத் தொட்டு எடுப்பதில்லை என்று புறப்படுமுன்பே பேசிவைத்திருந்தோம். நான்காம் நாள் படகோட்டி இறங்க விடவில்லை. அறுபது வயது கடந்த மட்டக்களப்புக்காரர் அவர். மிதவைக் கயிற்றை ஒருமுறை பார்த்தார். “மனே, கயிறு படுத்திட்டு. இண்டைக்கு வேணாம்” என்று சொல்லிப் படகைத் திருப்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை 7-10க்கு மூவரும் இறங்கினர். கயிறு நேராகத்தான் நின்றது. ஆனால் கால்மணி நேரத்தில் நீரோட்டம் கிளம்பிவிட்டது. அவர்களால் கயிற்றுக்குத் திரும்ப முடியாது என்பது மேலிருந்த எங்களுக்கே புரிந்தது. இப்படி நேர்ந்தால் கையிலுள்ள சுருளிலிருந்து ஒரு மிதவையை மேலே அனுப்பிவிட்டு, அதன் நூலைப் பிடித்தபடி நீரோட்டத்தோடு மிதந்துகொண்டே தங்கல்களை முடிக்க வேண்டும். ஆரஞ்சு நிற மிதவை என்றால் நலம். மஞ்சள் என்றால் உதவி தேவை. இருபத்தாறாம் நிமிடத்தில் படகோட்டிதான் முதலில் கண்டார். “அந்தா கிடக்கு” என்று அவர் காட்டிய திசையில் வெகுதொலைவில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று. கட்டை அவிழ்த்துப் பின்தொடர்ந்தோம்.

நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் அதனருகே மஞ்சள் மிதவை எழுந்தது. அதில் சிறு எழுதுபலகை கட்டியிருந்தது. பென்சிலால் எழுதியது: “ஆக்சிஜன் ஒன்று காலி. இன்னொன்று இறக்கு.” பொறியாளரின் ரெகுலேட்டர் வால்வு மூடாமல் வாயு முழுவதும் ஓடிவிட்டதாகப் பின்னர் அறிந்தோம். மாணவி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் இருபத்தொரு நிமிடம் இருக்கிறது” என்றார். அந்த வேளையில் மீன்பிடிப் படகு ஒன்று வேகமாக மிதவைகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. படகோட்டி எங்கள் படகைக் குறுக்கே நிறுத்தி, இடுப்புச் சாரத்தின்மேல் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வீசிக் கூவினார். அவர்கள் விசையைக் குறைத்து ஒதுங்கும்வரை நான் இறங்கவில்லை. பின் என் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு, கயிற்றில் கட்டிய பிராணவாயுச் சிலிண்டரோடு குதித்தேன்.

6 மீட்டர் என்பது ஆழமே அன்று. நீர் தெளிவாக இருந்தது. வெயில் அவர்கள் தலையில் ஆடிக்கொண்டிருந்தது. மூவரும் ஒரே நூலில் தொங்கிக்கொண்டிருந்தனர். மாஸ்டர் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் தம் வாய்க்குழாயைப் பொறியாளரிடம் கொடுக்கிறார். அவர் இரண்டு மூச்சு இழுத்துத் திருப்பிக் கொடுக்கிறார். பொறியாளர் அண்ணாந்து எங்கள் படகின் அடிப்பாகத்தைப் பார்த்தார். நாலு முறை காலை உதைத்தால் போய்ச் சேரலாம். அங்கே உலகத்துக் காற்றெல்லாம் இருக்கிறது. அவர் போகவில்லை. போனால் என்ன ஆகுமென்று அவர் உடம்பிலுள்ள வாயுவின் கணக்கு அவருக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூரைக்கு ஹென்றி விதி என்று பெயரிட்டு நாம் இரண்டு மதிப்பெண் வாங்குகிறோம். நான் சிலிண்டரை அவருடைய பட்டையில் கொளுவினேன். வால்வைத் திறந்து மூன்று மூச்சு இழுத்தபின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டினார்.

முறைவைத்துச் சுவாசித்த நிமிடங்களை ஈடுகட்ட மாஸ்டர் மேலும் ஏழு நிமிடம் கூட்டினார். எழுபத்தொன்றாம் நிமிடத்தில் மூவர் தலையும் நீருக்கு வெளியே தெரிந்தன. மாணவி அவர்களை ஒருமணி நேரம் விடவில்லை. கண்ணை மூடச் சொல்வார், விரலால் மூக்கைத் தொடச் சொல்வார், கரை சேர்ந்ததும் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பொறியாளர் இரண்டு கால்களிலும் மாறி மாறி நின்று காட்டினார்.

ஆறாம் நாள் எவரும் இறங்கவில்லை. விமானத்தின் உட்பகுதியில் அழுத்தம் முக்கால் வளிமண்டலம்வரை குறையக்கூடும். உடலில் எஞ்சிய வாயு அங்கேயும் நுரைக்கலாம் என்பதால் இடையில் ஒரு முழுநாளாவது விட வேண்டும். கல்லடிப் பாலத்தில் பாடும் மீன்களின் ஒலியைக் கேட்க இரவு நெடுநேரம் நின்றோம். கேட்டதாகச் சிலர் சொன்னார்கள்.

அங்கேதான் அண்ணன் தம் ஊரைப் பற்றிப் பேசினார். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர் முன்பு மூச்சடக்கி இறங்கினர். இப்போது படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து நீண்ட குழாய்வழியே காற்று பெற்று இறங்குவோரும் உண்டு. மேலிருந்து காற்று ஓயாமல் வருவதால் சிலிண்டர் தீரும் என்ற கவலை இல்லை, அதுவே வினை. 20 மீட்டரில் மூன்று வளிமண்டலம். மணிக்கணக்கில் இருந்துவிட்டு நேரே ஏறினால் விகிதம் மூன்றுக்கு ஒன்று. ஹால்டேனின் ஆடுகள் தாங்கியது இரண்டுக்கு ஒன்று. அண்ணனின் சித்தப்பா நாற்பது வயதிலிருந்து ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். ஊரில் அதற்குக் குளிர் என்றும் காற்று சேர்ந்துவிட்டது என்றும் காரணம் சொல்கிறார்களாம்.

“தம்பி, இதை அவங்களுக்குப் புரியறாப்ல ஒரு தாள்ல எழுதிக் குடு” என்றார். மட்டக்களப்பு விடுதி அறையிலிருந்து எழுதினேன். ஏன் நிற்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், மேலே வரவர ஏன் மெதுவாக வர வேண்டும், கை மரத்தாலோ மூட்டு வலித்தாலோ சாராயம் குடித்துப் படுக்காமல் உடனே பிராணவாயுவும் மருத்துவரும் ஏன் தேவை என்று இரண்டு பக்கம். கோலி சோடாவை எழுதினேன். ஹென்றியின் பெயரை எழுதவில்லை. அண்ணன் படித்துப் பார்த்து, ‘வளிமண்டலம்’ என்று வந்த இடங்களில் ‘தண்ணிப் பாரம்’ என்று மாற்றச் சொன்னார். பிறகு, மீட்டர் கணக்கில் அங்கே எவரும் ஆழம் சொல்வதில்லை என்றார். பேனாவை வாங்கி, ‘கடைசிப் பத்து மீட்டர்’ என்று நான் எழுதியிருந்ததைத் தாமே அடித்துவிட்டு, ‘கடைசி ஐந்தரைப் பாகம்’ என்று எழுதினார்.